கிராஃப் வடிவா இருந்தாப் போதுமோ

யாழ்ப்பாணத்தில இருந்து வெளிநாட்டுக்காரருக்கு ஃபைபர் சிமுலேஷன் கோட் எழுதிக் குடுக்கிறம் எண்டு சொன்னா, வீட்டுக்கு வாற சனம் வயர் இழுக்கிற வேலை எண்டுதான் நினைக்குது, நானும் ஓம் எண்டு விட்டிடுறது. உண்மையில ஒரு ஒளிப் பல்ஸ் ஃபைபருக்குள்ள போகேக்க என்ன ஆகுது எண்டு கொம்பியூட்டரில பாக்கிற வேலை. டிஸ்பெர்ஷன், அதாவது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியும் வேற வேற வேகத்தில போறது, பல்ஸை அகட்டும், கெர் எஃபெக்ட், அதாவது ஒளியின்ர பலத்தால கண்ணாடியின்ர ஒளிவிலகல் மாறுறது, அதின்ர ஃபேஸை, அலை ஏறி இறங்கிற கட்டத்தை, மாத்தும், ரெண்டும் ஒரே நேரத்தில. முதலாவது ஃப்ரீக்வென்சிப் பக்கம் நிண்டா வெறும் பெருக்கல், மற்றது டைம் பக்கம் நிண்டா பெருக்கல், ரெண்டையும் சேத்துச் செய்யேலாது. அதால ஃபைபரைச் சின்னத் துண்டுகளா வெட்டி, எஃப்எஃப்டி எண்ட, டைமில இருந்து ஃப்ரீக்வென்சிக்கு மாத்திற கணக்கைப் போட்டு அங்கையும் இங்கையும் மாறி மாறிப் போறம். இதுதான் ஸ்பிளிட் ஸ்டெப், 1973ல ஹார்டினும் டாப்பர்ட்டும் சொன்னது.

டிஸ்பெர்ஷன் பாதி, கெர் முழுசு, பேந்து டிஸ்பெர்ஷன் பாதி எண்டு போட்டா, ஸ்டெப்பைப் பாதியாக்கேக்க பிழை காவாசியாகும். பக்கத்துப் பக்கத்துப் பாதிகளை ஒண்டாக்கிவிட்டா நேரமும் பெரிசா ஏறாது. இதை ஏன் கனபேர் செய்யாம விடுகினமோ தெரியேல்லை.

புதுசாச் சேந்த தம்பி ஒருத்தன் 10 பிக்கோசெக்கண்ட் பல்ஸை 100 கிலோமீட்டர் ஓட விட்டிட்டு, "அக்கா, இஞ்ச பாருங்கோ, அலை அலையா வருது, நொன்லீனியர் எஃபெக்ட் போல" எண்டு ஒரே புளுகம்.

"காமாவைப் பூச்சியமாக்கிப் பார் தம்பி" எண்டன்.

காமா எண்டது கெர் எஃபெக்டின்ர அளவு, அது பூச்சியம் எண்டா அந்த நொன்லீனியர் எஃபெக்டே இல்லை. ஆக்கினான். அலை அப்பிடியே நிக்குது. சாதாரண ஃபைபரில, 1550 நானோமீட்டரில, அந்தப் பல்ஸ் அவ்வளவு தூரத்துக்கு 20 மடங்குக்கு மேல அகண்டிடும், வால் அதுக்கும் வெளியால நீளும், அவன் குடுத்த டைம் விண்டோ, கணக்குப் பாக்கிற நேர அகலம், 400 பிக்கோசெக்கண்ட்தான். எஃப்எஃப்டிக்கு ஓரம் எண்டு ஒண்டு இல்லை, முன் படலையால கலைச்ச ஆடு வேலிப் பொட்டுக்குள்ளால வாற மாதிரி, இடப்பக்கத்தால போன வால் வலப்பக்கத்தால வந்து தன்னோடயே மோதிக்கொண்டு நிண்டிருக்கு. விண்டோவை 2000 ஆக்கினான், அலையும் போச்சு புளுகமும் போச்சு.

அதால புதுக் கோட் எண்டா முதல் சொலிட்டன் டெஸ்ட். சொலிட்டன் எண்டா டிஸ்பெர்ஷனும் கெர் எஃபெக்டும் ஒண்டையொண்டு சரிக்கட்டுற பல்ஸ். ஃபைபர் லொஸ்ஸைப் பூச்சியமாக்கி, பீக் பவரைக் கணக்காக் குடுத்தா பல்ஸ் எவ்வளவு தூரம் போனாலும் வடிவம் மாறக்கூடாது. ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் 1973ல கணக்கில காட்டினதை மொலெனவர் ஆக்கள் 1980ல ஃபைபரிலயே பாத்தவை, விடை தெரிஞ்ச கணக்கு. ஆனா ஒரே ஃபைபரில கன சனல், அதாவது வேற வேற அலைநீள ஒளி, ஒண்டாப் போகேக்க இது மட்டும் காணாது. எல்லா ஸ்டெப்பும் ஒரே நீளம் எண்டா, இல்லாத ஃபோர் வேவ் மிக்ஸிங், அதாவது சனல்கள் கலந்து புது ஃப்ரீக்வென்சி பிறக்கிறது, கூட கிராஃபில வந்து நிக்கும், ஸ்டெப்பைக் குறைச்சுக் குறைச்சு ஓட்டித்தான் பாக்கோணும். இப்ப தம்பி அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். கிளையன்ட் கெதியாத் தா எண்டு நிக்கிறார், நிக்கட்டும்.