கூடைக் கயிறு

தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஏறி வந்த அக்கா, கூடைக் கயிற்றை உச்சியிலிருந்து ஒரு விரல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். மழையில் வழுக்கி விழுந்தபோது அடிபட்ட இடம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். மாதங்கள் கடந்தும் தலைவலி விடவில்லை. "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லத்தான் ஆட்களுக்குப் பஞ்சமில்லையே!

லேசான மூளைக் காயத்தில் ஸ்கேன் சுத்தமாக இருப்பது வழக்கம். வலி பொய்யல்ல.

இதற்குக் காந்தத் தூண்டலைச் சோதித்து வருகிறார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர் அந்தோணி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை. தலையருகே வைக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் துடிக்கும். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து நரம்பணுக்களைத் தூண்டும். கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலி குறைந்திருக்கிறது. பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை.

அதுவரை தலைச்சுமை இல்லாத வேலை கொடுக்கலாமே, அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.