அயோட்டாவை அளந்த ராத்திரி

ராத்திரி 2 மணி. காய்ச்சல், வாந்தியோடு வந்த 60 வயது அம்மா. பிரஷர் 80/50. யூரின் பையில் நாலு மணி நேரமாக ஒன்றும் இறங்கவில்லை. ஆன்டிபயாடிக் போட்டாச்சு, ஒன்றரை லிட்டர் சலைனும் போயாச்சு. பழைய எக்கோ சீட்டில் 'இதயம் பலவீனம்' என்றிருந்தது. காலில் வீக்கம் வேறு. இன்னும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமோ என்று பயம்.

ஸ்கேன் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் மெஷின் பூட்டிய அறையில். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவு செய்த வளாகத்தை விட்டு அதை வெளியே கொண்டுபோக முடியாது. சரிதான். ஆனால் உள்ளேயே, வார்டில் படுத்திருப்பவருக்குப் பார்க்கலாமே! சாவி வைத்திருந்தவருக்கு இதைப் புரியவைக்க 40 நிமிடம். மூன்று கையெழுத்து. "பேஷன்ட் கர்ப்பிணியா சார்?" என்றும் கேட்டார். 60 வயது என்று சொன்ன பிறகு!

அந்த எரிச்சலிலேயே நெஞ்சுக்குழிக்குக் கீழே ப்ரோபை (மெஷினின் கைப்பிடிக் கருவி) நெடுக்காக வைத்தேன். உடனே பளிச்சென்று ஒரு குழாய். 2 செ.மீ., மூச்சு இழுத்தாலும் சுருங்கவில்லை. ஐவிசி (உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) நிரம்பித்தான் இருக்கிறது, இனி சலைன் வேண்டாம் என்று, "டிரிப்பை நிறுத்துங்க சிஸ்டர்" என்றேன்.

வேறு கேஸுக்காக வந்த சீனியர் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, அது துடிக்குதே. அயோட்டாவைப் போய் அளந்திருக்க." இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெருந்தமனி அது.

உடம்பு கூசிவிட்டது. ப்ரோபை நோயாளியின் வலப்பக்கம் சாய்த்தால் கல்லீரலுக்குப் பின்னால் நிஜ ஐவிசி. கல்லீரல் சிரை வந்து சேர்வதையும், குழாய் வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் வலது மேலறை) திறப்பதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கேலிப்பரை (திரையில் அளக்கும் குறி) வையுங்கள். ஏட்ரியத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி அளந்தேன்: 1.1 செ.மீ., ஒவ்வொரு மூச்சுக்கும் பாதிக்கு மேல் சுருங்கியது. மூச்சு வாங்குகிறவருக்கு அப்படிச் சுருங்கத்தான் செய்யும், அதை மட்டும் நம்ப முடியாது. (வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கே வேறு.) அதனால் நுரையீரலையும் பார்த்தேன். இரு பக்கமும் பி-லைன் (நுரையீரலில் நீர் கோத்தால் திரையில் தெரியும் கோடு) இல்லை. இதயமும் சீட்டில் பயமுறுத்திய அளவுக்கு மோசமில்லை.

250 மில்லி ஏற்றி, மறுபடி நுரையீரலைப் பார்த்து, இன்னொரு 250. விடியும்போது பிரஷர் 104, பையில் யூரின். மகன் கொண்டுவந்த மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. கால் வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம், முதலிலேயே கேட்டிருக்கணும்.

ஏழு மணிக்கு மெஷினைத் திருப்பிக் கொடுக்க நாலாவது கையெழுத்து. ப்ரோபில் ஜெல்லைத் துடைக்கவில்லை என்று திட்டும் வாங்கினேன்.