இரண்டு நிமிடம் லைனில் சத்தம் வராது

எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடு. காலையில் தறி ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை. தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்துவிட்டது என்றால் அப்பா கையைத் தூக்கிக் காட்டுவார், தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை. அம்மா திண்ணையில் பீடி சுற்றுவார். எத்தனை கட்டு முடிந்தது என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் அவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. காலேஜில் சேர்ந்த பிறகுதான் "ஏன் இப்படி உம்முனு இருக்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

2019-ல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்ததும் எனக்குக் கிடைத்தது, வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் கஸ்டமர் கேர் வேலை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் பேச வேண்டும். வேறு வேலை கிடைத்திருந்தால் போயிருக்க மாட்டேன். இன்று ஐந்து வருடத்துக்கு மேலாக இதே டெக்னிக்கல் சப்போர்ட் துறையில்தான் இருக்கிறேன், விரும்பியே இருக்கிறேன். என்னைப் போன்ற இன்ட்ரோவெர்ட் யாராவது இந்த வேலைக்கு வரலாமா என்று தயங்கினால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. போன் அடிப்பதற்கு முன்பே வயிற்றைப் பிசையும். பயிற்சியில் சொன்னதெல்லாம் கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கானது. குரலில் சிரிப்பு தெரிய வேண்டும், வாடிக்கையாளரோடு நாலு வார்த்தை சகஜமாகப் பேச வேண்டும் என்றார்கள். எனக்கு அது வரவில்லை. வராததை வரவழைக்கப் பார்த்ததில் நாள் முடியும்போது தலை கனத்துப் போகும். மற்றவர்கள் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் கூடுவார்கள். நான் நேராக பஸ் ஏறிவிடுவேன். பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் என்று ஜன்னலோரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து வந்தால்தான் மறுநாள் போன் எடுக்கத் தெம்பு வரும். இதைச் சிலர் திமிர் என்று நினைத்தார்கள். பக்கத்து சீட் அக்காவிடம் மட்டும் ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன், "எனக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாத்தான் சார்ஜ் ஏறும் அக்கா" என்று. அப்புறம் அவரே மற்றவர்களிடம் சொல்லிப் புரியவைத்தார்.

எனக்கு மார்க் குறைந்தது வேறு ஒரு காரணத்தால். எங்கள் போன் கால்களை குவாலிட்டி டீம் கேட்டு மதிப்பெண் போடும். அதில் 'டெட் ஏர்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்து விநாடிக்கு மேல் இரு பக்கமும் சத்தமே இல்லாமல் இருந்தால் மார்க் போகும். நான் யோசிக்கும்போது பேச மாட்டேன், என்னால் முடியாது. ஒவ்வொரு காலிலும் இருபது, முப்பது விநாடி அமைதி இருக்கும். வாடிக்கையாளர் "ஹலோ, ஹலோ" என்பார். முதல் இரண்டு மாதம் தொடர்ந்து கடைசி இடம்.

எங்கள் டி.எல்., அதாவது டீம் லீடர், நல்ல மனிதர். என்னுடைய பத்து கால்களை என்னோடு உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, "நீ அமைதியா இருக்கிறது தப்பில்லைம்மா. அமைதியா இருக்கப் போறேன்னு சொல்லாம இருக்கியே, அதுதான் தப்பு" என்றார். அன்றைக்கு என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "உங்க லைனைப் பார்க்கிறேன் சார், இரண்டு நிமிடம் சத்தம் வராது, கட் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க." சொன்ன பிறகு யாரும் ஹலோ சொல்லவில்லை. காத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும், வேலை முடியாவிட்டாலும் வந்து "இன்னும் ஒரு நிமிடம்" என்று சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்றுதான் என்னை இந்த வேலையில் நிறுத்தியது.

அந்த நோட்டு மெல்ல வளர்ந்தது. முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது, கோபமாக இருப்பவரிடம் முதலில் என்ன கேட்பது, எல்லாம் எழுதி வைத்தேன். தொழில் விஷயமும் அதிலேயே. வாடிக்கையாளர் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பாக்ஸில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, லைன்மேன் போக வேண்டும். ஒளியின் அளவு மைனஸ் 27 டி.பி.எம்.முக்குக் (dBm, ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் லைன் இருப்பதும் போவதுமாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஐ.பி. எண் 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பேச்சுத் திறமை இல்லாதவருக்கு இப்படி ஒரு நோட்டு பெரிய துணை. என்ன கேட்க வேண்டும் என்று கண் முன்னால் இருந்தால் குரல் நடுங்காது.

ஒரு கால் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாகாயம் பக்கம் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எடுத்ததும், "ஏம்மா, நீயும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லப் போறியா?" என்றார். மகள் அமெரிக்காவில். இங்கே விடிகாலையில், அங்கே மாலையில், வீடியோ காலில் பேசுவார்கள். நடுவில் நெட் போய்விடும், எட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தானே வரும், அதற்குள் மகள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டு மாதத்தில் ஆறு முறை புகார் கொடுத்திருக்கிறார்.

"உங்க பழைய கம்ப்ளைன்ட் எல்லாத்தையும் ஒருமுறை படிக்கிறேன் சார். இரண்டு நிமிடம் சத்தம் வராது" என்றேன்.

ஆறு டிக்கெட்டிலும், அதாவது புகார்ப் பதிவிலும், ஒரே குறிப்பு: ரீஸ்டார்ட் செய்யச் சொல்லப்பட்டது, சரியானது. எழுதியவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலுக்குச் சராசரியாக ஆறு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார்கள், அதற்குள் அவ்வளவுதான் முடியும். ஆனால் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தினமும் போகவில்லை. சில நாள் இடைவெளி விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. நேரம் மட்டும் எப்போதும் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள்.

"சார், அந்த நாள்ல காலையில வீட்டில வேற என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்... ஒண்ணும் இல்லையே. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நாள். தண்ணி பிடிப்போம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இரும்மா, இரு. தொட்டிக்கு ஏத்த மோட்டார் போட்டா டியூப் லைட்டே ஒரு தடவை அடங்கி எரியும்" என்றார்.

மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிகிறது. பாக்ஸின் அடாப்டரும் பழையது. அதைத் தாங்காமல் பாக்ஸ் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுந்து வருகிறது. அடாப்டரை மாற்றச் சொல்லி எழுதினேன், ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னேன். கால் பத்தொன்பது நிமிடம் ஓடியது. அதற்கப்புறம் இரண்டு மாதம், வாரம் ஒருமுறை எங்கள் சிஸ்டத்தில் அவர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். புதிய புகார் எதுவும் வரவில்லை. நான் அப்போது ஏதாவது பேசி அந்த இடைவெளியை நிரப்பியிருந்தால் அவருக்கு டியூப் லைட் ஞாபகம் வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் தெரு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குப் பின்னால் கூலி இல்லாத வீடுகள் இருந்தன, எங்கள் வீடும் அதில் ஒன்று. என் சம்பளம்தான் அந்த மாதங்களில் அரிசிக்கு ஆனது. வீட்டிலிருந்து வேலை, அதுவும் சாட் சப்போர்ட். பேசவே வேண்டாம், டைப் செய்தால் போதும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். சாட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேர். ஒருவர் பிரச்சினையில் மனம் ஊன்றும்போது இன்னொரு ஜன்னல் மினுக்கும். போனில் ஒரு நேரத்தில் ஒரே மனிதர்தான். இன்ட்ரோவெர்ட் என்றால் சாட் வேலைக்குப் போங்கள் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போகும் முன் ஒரே நேரத்தில் எத்தனை சாட் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்து எல்-2 என்ற இரண்டாம் நிலைக்குப் போனேன். முதல் நிலையில் தீராதவை அங்கே வரும். அங்கே வந்ததில் பிடித்த ஒன்று: சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்து லாட்ஜ் ஒன்றில் புதிதாக வருகிறவர்களுக்கு வைஃபை கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து தங்குகிறவர்கள். ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு ஆபரேஷன் முடிந்ததா என்று சொல்ல வேண்டியவர்கள். வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். அதனிடம் இருந்ததே 100 முகவரிதான், ஒருமுறை கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அது பிடித்து வைத்திருக்கும். காலையில் அறையைக் காலி செய்து போனவரின் முகவரியும் மறுநாள் வரை முடங்கிக் கிடந்தது. முகவரிகளை அதிகமாக்கி, நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தேன். அன்று மாலை லாட்ஜ் மேனேஜர் போன் செய்து, "மேடம், எல்லா ரூம்லயும் பேச்சுச் சத்தம் கேக்குது" என்றார்.

2021 நவம்பரில் பாலாற்றிலும், எங்கள் ஊரில் கௌண்டன்யா ஆற்றிலும் வெள்ளம். கேபிள்கள் அறுந்தன. எல்லோரையும் கால் எடுக்கச் சொன்னார்கள். அன்று டெக்னிக்கலாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. "உங்க வீடு எப்படி இருக்கு?" என்று கேட்பதும், பதிலைக் கேட்பதும்தான் வேலை. அன்று இரவு எனக்குக் களைப்பு தெரியவில்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நல்லா வேலை செய்தால் தானாகத் தெரியும் என்று இரண்டு வருடம் சும்மா இருந்தேன். தெரியவில்லை. சம்பள உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து என் வேலையைப் பற்றிப் பேச எனக்கு வராது. அதனால் எழுத ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் ஒரு பக்க மெயில்: திரும்பத் திரும்ப வந்த மூன்று பிரச்சினை, அவற்றுக்கு என்ன செய்தேன், மற்றவர்களுக்காக எழுதிய குறிப்புகள் எவை. அந்தக் குறிப்புகள்தான் பின்னால் வேலை வாங்கித் தந்தன.

2022-ல், மற்றவர்களின் இணையதளத்தையும் மெயிலையும் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன், வீட்டிலிருந்தே வேலை. நேர்முகத்தில் நான் திணறினேன். ஆனால் எழுத்துத் தேர்வும் வைத்தார்கள்: கோபமாக வந்த ஒரு மெயிலுக்குப் பதில் எழுத வேண்டும். முதல் வரியில் விடை, அடுத்து காரணம், அடுத்து அவர் செய்ய வேண்டியது, கடைசியில் நான் மறுபடி எப்போது எழுதுவேன் என்ற நேரம். அதை வைத்துத்தான் எடுத்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

இப்போது என் வேலை பெரும்பாலும் மெயிலில். ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றுமதி செய்யும் ஒருவரின் மெயில்கள் ஜெர்மனி வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழுந்தன. ஒரு டொமைன் பெயரில் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) யார் யார் மெயில் அனுப்பலாம் என்று எழுதி வைக்கும் பதிவு எஸ்.பி.எஃப். ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேருக்காக யாரோ இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டதால் இரண்டுமே செல்லாமல் போயிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. 2024 பிப்ரவரியில், ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்.பி.எஃப்., அதைப் போலவே மெயில் போலியா என்று சரிபார்க்க உதவும் டி.கிம், டி.மார்க் ஆகிய மூன்றும் கட்டாயம் என்று கூகுள் கொண்டுவந்தபோது எங்களுக்கு டிக்கெட் குவிந்தது. ஆம்பூர்க்காரருக்காக எழுதி வைத்திருந்த குறிப்பை எங்கள் டீம் முழுவதும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தியது.

போன் முழுதாகப் போய்விடவில்லை. வாரம் இரண்டு நாள் கால் எடுக்கிறேன். வயிற்றைப் பிசைவது இப்போதும் உண்டு, முதல் காலுக்கு மட்டும்.

போன மாதம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டாள். என் நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவளுடைய முதல் போன் காலை நானும் லைனில் இருந்து கேட்டேன். அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள். அப்புறம் அமைதி. அந்தப் பக்கம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது, ஒரு குழந்தை எதையோ கேட்டது. அந்த அம்மா "இரு, அக்கா பார்த்துட்டிருக்காங்க" என்று குழந்தையிடம் மெதுவாகச் சொன்னார்.