ராத்திரிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள்

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டிஓ மீட்டரும், காற்றூதும் ப்ளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டியும் போட்ட பிறகு எஸ்டிபிக்கு, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, ராத்திரி ஷிஃப்ட்டில் ஆள் வேண்டுமா என்று மீட்டிங்கில் கேட்டார்கள். கட்டாயம் இல்லை என்றேன். கேட்டவர் கட்டட மேலாளர், எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு அன்றைக்குத்தான். பொறியாளராக எனக்கு வேறு பதில் இருக்கவில்லை, சொன்னது உண்மைதான். ஆனாலும் அதை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அந்த மீட்டர் வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரே ராத்திரி ஷிஃப்ட் அண்ணன்தான்.

சென்னை ஓஎம்ஆர் சாலை ஐடி வளாகங்களின் கழிவுநீர் எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீடுகளில் வருவது போலக் குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் கலந்து நீர்த்துப் போகாது. சிறுநீர்தான் அதிகம், அப்புறம் கை கழுவும் தண்ணீர், கேன்டீன் தண்ணீர். எங்கள் இன்லெட்டில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 70 மில்லிகிராமைத் தொடும். அவுட்லெட்டில் தண்ணீர் தெளிவு, வாடை இல்லை, கரிம அழுக்கைக் காட்டும் பிஓடி 10-க்குக் கீழே. அதனால் யாருக்கும் கவலை இல்லை. 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட எஸ்டிபி விதியில் நைட்ரஜனுக்கு வரம்பே கிடையாது. 2019 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று சொன்ன பிறகுதான் எங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தை எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள். அதில் இருந்தது 50-க்கு மேல்.

இதற்கு நடுவில், சேறு அடியில் இறங்கி நிற்க வேண்டிய செட்லிங் டேங்கில் அது மிதந்தது. பகலில் நாங்கள் பார்க்கும்போது கொஞ்சம்தான். சேறு உப்பிப்போகும் பல்கிங் என்று முடிவுகட்டி, அதைக் கட்டியாக்கி இறக்க பாலிமர் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம், நானும் அந்தப் பேச்சில் இருந்தேன். ராத்திரி அண்ணன் ஷிஃப்ட் மாற்றும்போது சொன்னார்: "சார், ரெண்டு மணிக்கு மேல கட்டி கட்டியா மேல வருது. மூங்கிலால தட்டினா குமிழி விட்டுட்டு திரும்ப இறங்கிடுது. விடியற வரைக்கும் நான் தட்டிட்டுத்தான் இருக்கேன்." அதோடு நிற்கவில்லை. அரை மணி செட்லிங் டெஸ்ட் முடிந்ததும் நாங்கள் ஜாரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம், அவர் கழுவாமல் வைத்திருந்து காட்டினார். அரை மணியில் அழகாக இறங்கிய சேறு, இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமாக மேலே ஏறி நின்றது.

பல்கிங் என்றால் முதலில் இறங்கவே தகராறு செய்யும். இறங்கிவிட்டு அப்புறம் ஏறுகிறது என்றால் அடியில் வாயு. காற்றூதும் ஏரேஷன் டேங்கில் அமோனியா முழுக்க நைட்ரேட்டாக மாறிவிடுகிறது, அந்த நைட்ரேட் செட்லிங் டேங்கின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குப் போகிறது, அங்கே பாக்டீரியா அதையே சுவாசித்து நைட்ரஜன் வாயுவை விடுகிறது, சேற்றைத் தூக்குகிறது. நடக்க வேண்டிய வேலைதான், தப்பான தொட்டியில் நடந்தது. பிஎச் 6.3-க்கு இறங்கிக் கிடந்ததற்கும் அதுவே காரணம். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க பிஎச்சைத் தாங்கி நிற்கும் காரத்தன்மை 7.14 மில்லிகிராம் செலவாகும், அது திரும்ப வாயுவாகும்போது பாதி, அதாவது 3.57, கைக்கு வரும். எங்களுக்கு அந்தப் பாதி வரவே இல்லை, அதை ஈடுகட்ட நாங்கள் சோடா சாம்பல் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தோம்.

சரிசெய்தது ரொம்ப எளிது. ஏரேஷன் டேங்கின் முதல் பகுதிக்குத் தடுப்புச் சுவர், அங்கே காற்று வால்வை மூடிவிட்டு மிக்சர், கடைசியிலிருந்து நைட்ரேட் தண்ணீரைத் திருப்பி அனுப்ப ஒரு பம்ப், புதுக் கழிவுநீர் நேராக அங்கேயே விழும்படி பைப். அந்தக் கழிவுநீரில் இருக்கும் கரிமம்தான் நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி. ஆனால் திரும்பி வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் தீனியை முதலில் அது தின்றுவிடும், அதனால் ப்ளோயரை அளவாக ஓட்ட வேண்டும். டிஓ மீட்டர் வந்தது அதற்குத்தான், ஆளைக் குறைக்க இல்லை. இதை அந்த மீட்டிங்கில் சொன்னேன். எங்கே சறுக்கியதோ தெரியவில்லை, கேள்வி அப்படித் திரும்பிவிட்டது.

நைட்ரஜன் 10-ஐச் சுற்றி வந்துவிட்டது, கரன்ட் பில்லும் குறைந்தது. அண்ணனுக்கு வேறு சைட்டில் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், ராத்திரிப் படி இல்லாததால் கைக்கு வருவது குறைவு. விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மீட்டரு சேத்தத் தட்டிவிடுமா சார்?" தட்டுகிற வேலையே இனி இருக்காது அண்ணே என்றேன். அதுவும் உண்மை. சேறு இப்போது மிதப்பதில்லை.

எங்கள் மிச்சத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய் வழியாகப் பள்ளிக்கரணைப் பக்கம்தான் போகிறது. 2022-இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்த சதுப்பு நிலம், போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும். அதற்கு எரு நாங்களும்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். அது குறைந்தது எனக்குப் பெரிய விஷயம், ஒருவருடைய வேலைக்காக அதைத் தள்ளிப்போட்டிருக்க முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் தள்ளிப்போடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. இரண்டும் இருந்திருக்கலாம். ப்ளோயரில் மிச்சமாகும் கரன்ட் காசு அவர் சம்பளத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டியிருக்கும், அந்தக் கணக்கை நான் அங்கே போட்டுக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

பிறகு ஒரு ராத்திரி, மீட்டரின் தண்ணீருக்குள் நிற்கும் முனையான ப்ரோபில் பாசி படிந்து மீட்டர் குறைத்துக் காட்ட, ப்ளோயர் விடிய விடிய முழு வேகத்தில் ஓடி, நைட்ரேட் மறுபடி ஏறியது. அண்ணன் இருந்திருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்திருப்பார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ப்ரோபைத் துடைப்பது பகல் ஷிஃப்ட் வேலை, அதை ஒழுங்காகச் செய்தால் இது நடக்காது. இப்போது துடைக்கிறார்கள். திங்கட்கிழமை காலைதான் இன்னும் பிரச்சினை. சனி ஞாயிறு தீனி இல்லாமல் இளைத்துப்போன, அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரிஃபையர் பாக்டீரியா மேல் மொத்த அலுவலகமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும்போது கொஞ்சம் அமோனியா தப்பிவிடுகிறது. அதற்கு ஞாயிறு ராத்திரியே தொட்டியில் சேர்த்துவைத்த கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட ஒரு ஆள் இருந்தால் நல்லது, டைமர் வால்வு போட்டாலும் ஆகும்.

அடுத்த சைட்டுக்கு மதிப்பீடு தயாராகிறது. டைமர் வால்வை எழுதவில்லை, ராத்திரிக்கு ஒரு ஆள் என்று எழுதி, ப்ளோயர் கணக்கையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். கட்டாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஜாரைக் கழுவாமல் வைத்துப் பார்த்தது யார் என்பதையும் இந்த முறை சேர்த்துச் சொல்லப்போகிறேன், அது விலை பேசும் இடத்தில் எடுபடுமா என்று தெரியவில்லை.