தூளி போகும் வேகத்தில் தாலாட்டு

தாலாட்டு பலிக்கவில்லை என்பவர்கள் குரலைக் குறை சொல்வார்கள், இல்லை ராகத்தை. குற்றம் அனேகமாக வேகத்தில் இருக்கும். தூளி, அதாவது புடவைத் தொட்டில், ஒரு கதியில் ஆட, பாட்டு வேறு கதியில் ஓடினால் பிள்ளை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கும்.

தூளி ஓர் ஊசல்தான். கொக்கியிலிருந்து குழந்தையின் வயிறு வரை உள்ள நீளம்தான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எடைக்கு அதில் பங்கில்லை. 1 மீட்டர் நீளம் என்றால் போய்வர 2 விநாடி. ஒன்றரை மீட்டருக்கு ஏறக்குறைய 2.5, இரண்டு மீட்டருக்கு 2.8. உயர்ந்த உத்தரத்தில் கட்டிய தூளி நிதானமாக அசைவதும் குட்டைத் தொட்டில் வெடுக்கென்று ஆடுவதும் இதனால்தான்.

ஸ்பிரிங் மாட்டினால் கணக்கு வேறு. அது மேலும் கீழும் துள்ளும், அங்கே எடை பேசும். கிடத்தியதும் ஸ்பிரிங் 25 செ.மீ. நீண்டால் ஒரு துள்ளலுக்குச் சுமார் 1 விநாடி. பிள்ளை கனக்கக் கனக்கத் துள்ளல் மெதுவாகும். இரண்டாம் மாதம் கச்சிதமாகப் பொருந்திய பாட்டு நாலாம் மாதம் இடறுவதற்கு இதுவே காரணம்.

ஒன்றரை மீட்டர் தூளியை எடுத்துக்கொள்வோம். போகும்போது ‘ஆராரோ’, வரும்போது ‘ஆரிரரோ’. ஒவ்வொன்றையும் மூன்று எண்ணிக்கையில் அடக்கினால் திஸ்ர நடை, அதாவது மும்மூன்றாகப் போகும் தாள நடை, தானாக வந்துவிடும். நீட்டுகிற ‘ரோ’ தூளி ஓரத்தில் ஒரு கணம் நிற்கும் இடத்தில் விழ வேண்டும். மூச்சையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். தூளி நடுவில் விரையும்போது மூச்சு வாங்கினால் கையும் சேர்ந்து தடுமாறும். பக்கத்துக்கு 30 செ.மீ. வீச்சு போதும், தள்ளுவது ஓரத்திலிருந்து திரும்பும்போது மட்டும், அதுவும் விரல் நுனியால்.

நீலாம்பரி ராகம் பாடினால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலாம்பரிக்கு உள்ள குணம் அதன் வழுக்கல், ஸ்வரங்களுக்கு நடுவே சறுக்கிப் போகும் நெளிவு. அந்த நெளிவும் நிதானமும் இருந்தால் ஆனந்தபைரவியும் தூங்க வைக்கும், ராகப் பெயரே தெரியாத நாலைந்து ஸ்வர மெட்டும் தூங்க வைக்கும். ஒலிக்கும் இதில் பங்குண்டு. ‘தால்’ என்றால் நாக்கு. பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவத்துக்கே அந்தப் பெயர். ‘ஆராரோ ஆரிரரோ’ முழுக்கச் சொல்லிப் பாருங்கள், ஒரு வல்லின எழுத்துகூட இல்லை. எங்கும் முட்டாமல் நாக்கு உருண்டுகொண்டே போகும்.

சுருதியைக் குறைக்க வேண்டும். வழக்கமாக 5 கட்டையில் பாடும் பெண் 3 கட்டைக்கு இறங்கினால் குரலில் இறுக்கம் போய்விடும். உச்ச ஸ்தாயிப் பக்கம் போகவே வேண்டாம். ஒவ்வொரு வரியும் கீழே இறங்கி முடியட்டும்.

ஆனால் வீறிட்டு அழும் குழந்தையிடம் நேராக இந்த மெல்லிய பாட்டைத் தொடங்கினால் அது காதிலேயே விழாது. முதல் ஓரிரு நிமிடம் அழுகைக்கு ஈடாகக் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் வேகமாக. அப்போது தூளியில் போடாமல் தோளில் வைத்துக்கொள்வது நல்லது. நெஞ்சின் அதிர்வு உடம்பிலேயே தெரியும். அழுகை விம்மலாக இறங்கும்போது பாட்டையும் இறக்கி, பிறகு தூளி. இசை மருத்துவத்தில் இதற்கு ஐசோ கொள்கை என்று பெயர். பாட்டிகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

கைபேசியில் தாலாட்டு ஓடவிடுவதில் உள்ள கோளாறு அதன் வேகம் தூளிக்காக நிற்காது என்பது. நடுவில் விளம்பரம் அலறினால் எல்லாம் போச்சு. வேறு வழியில்லை என்றால் பாட்டை முன்பே இறக்கி வைத்து, திரையை அணைத்து, 2 மீட்டர் தள்ளி, சாதாரணப் பேச்சைவிடக் குறைந்த ஒலியில் வையுங்கள்.

சொற்கள் குழந்தைக்கா என்று கேட்டால், பாதிதான். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், தெரியாத துருக்கி மொழிப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் சராசரியாக 9 நிமிடம் அழாமல் இருந்தன. வெறும் பேச்சைக் கேட்டவை அதில் பாதி நேரம்கூடத் தாங்கவில்லை. நம் தாலாட்டில் யார் அடித்தது என்று கேட்டு அத்தையையும் மாமனையும் வரிசையாக இழுப்பது பாடுகிறவளுக்காக. சீர் கொண்டுவராத அண்ணனையும் புகுந்த வீட்டு மனக்குறையையும் யாரும் தட்டிக்கேட்க முடியாதபடி சொல்லிவிடலாம், பிள்ளைக்குத்தானே பாடுகிறாள்! சொல்லிச் சொல்லி அவள் மூச்சு சீராகும்போது தூளியின் ஆட்டமும் சீராகும். எரிச்சலோடு இழுக்கிற கயிறு எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

துணி பழைய பருத்திப் புடவையாக இருக்கட்டும். நைலான் வழுக்கும், புழுங்கும். குறுக்குக் கம்பு வைத்தால் துணி முகத்தின் மேல் மூடாது. தாடை நெஞ்சில் முட்டும்படி சுருண்டு கிடந்தால் மூச்சு தடைப்படலாம், உடனே எடுத்துவிட வேண்டும். புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கிய பிள்ளைக்குத் தூளி ஆகாது.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது கடைசியில். கண் மூடியதும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தையின் தூக்கம் முதலில் மேலோட்டமானது; இமைக்குள் கண் உருளும், உதடு துடிக்கும். அந்த 15, 20 நிமிடமும் பாட்டு தேயலாம், அறுபடக்கூடாது. சொல் போய் ‘ஆரோ’ மட்டும், அப்புறம் அதுவும் போய் ‘ம்ம்’. பிள்ளையின் கையைத் தூக்கிவிட்டால் அது தொப்பென்று விழ வேண்டும். அதன் பிறகுதான் எடுத்து, முதலில் புட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை படும்படி, தலையணை இல்லாத தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலை கீழே படும்வரை ‘ம்ம்’ நிற்கக்கூடாது.