பால் தானாக இறங்கட்டும்

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்பத் தெரியும். சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒன்றாகக் கோக்கத்தான் தெரியாது. அதற்காகத்தான் மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் பால் போகும் ட்யூப். சேலத்து வார்டு வாசலில் பாட்டிமார் அதைப் பார்த்துக் கலங்குவார்கள். எங்களைக் கேட்டால், பயப்பட வேண்டியது குழாய்க்கு அல்ல, அதில் பாலை அழுத்தித் தள்ளும் கைக்கு.

ட்யூப் போடுவது நர்ஸ் வேலை. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் தொப்புளுக்கும் நடுவரை அளப்பார்கள். உதட்டருகே அல்லது மூக்கருகே நிற்கும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் முதல் பார்வை அந்த எண்ணின் மேல்தான். எச்சிலில் பிளாஸ்திரி நனைந்து குழாய் நழுவுவது சகஜம். எண் மாறியிருந்தால் பால் கொடுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிரிஞ்சில் உறிஞ்சிய துளியை, புளிப்பு (அமிலம்) எவ்வளவு என்று காட்டும் பிஎச் தாளில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பக்கூடாது, குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் சத்தம் கேட்கும்.

பிறகு 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை உருவிவிட்டு, குழாயை மடித்துப் பிடித்துப் பாலை ஊற்றி, குழந்தைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து விடுங்கள். 15, 20 நிமிஷம் ஆகும், கை கடுக்கும். சீக்கிரம் முடிக்க உயரத் தூக்கினால் வயிறு உப்பி, கக்கி, மூச்சே நின்று போகலாம். அளவு டாக்டர் சொல்வது: ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 160 மில்லி என்றால் நாளைக்கு 240, இரண்டு மணிக்கொருமுறை 20. பச்சையாகக் கக்கினால், வயிறு விறைத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்.

அடுத்தது பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் போதும், நாக்கே இழுத்துக்கொள்ளும். விழுங்கி மூச்சுவிட்ட பிறகுதான் அடுத்த வாய். வாயில் ஊற்றினால் புரையேறி உதடு நீலமாகும். அரை மணிக்கு மேல் இழுத்தால் குழந்தை களைத்துவிட்டது; மீதியை ட்யூப்பில் கொடுக்கச் சொல்வார்கள். (சேனைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம், எந்த அத்தை சொன்னாலும்.)

ஏற்காட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒன்று. மலைக் குளிரில் உள்ளங்கால் சில்லிட்ட குழந்தை குடிக்காமல் தூங்கும். எழுப்பித் திணிக்காமல் முதலில் மார்போடு தோலோடு தோலாக வைத்துச் சூடேற்றுங்கள். சேலத்து வெயிலில் பிரச்சினை நேர்மாறு: பீய்ச்சிய பாலை வெளியே வைத்திருக்காதீர்கள், உடனே ஃபிரிட்ஜ். செக்கப்புக்கு இறங்கும்போது 20 ஊசி வளைவு. வண்டியில் ஏறுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். வழியில் குழந்தையின் தாடை நெஞ்சில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.