மணிக்கு லைசென்ஸ் இல்லை

எங்கள் பெண்ணுக்கு எட்டு வயது. வீட்டுக்கு யாராவது வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மூன்று வருடமாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர் போன மாதம்தான், "உங்களுக்குக் குழந்தை இருக்கா சார்?" என்று ஆச்சரியப்பட்டார். மணியிடம் மட்டும் வாய் ஓயாது. மணி, தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய்.

அதனால்தான் சனிக்கிழமை 'மை டாக் ஸ்கிப்' போட்டேன். 2000-ல் வந்த படம். 1940களின் மிசிசிப்பி, யாசூ என்கிற சின்ன ஊர், கூச்ச சுபாவப் பையன் வில்லியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா ஒரு நாய்க்குட்டி கொடுக்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறார் (எந்த ஊர் அப்பாவும் அப்படித்தான்), அப்புறம் அந்த நாயே அவனுக்குக் கூட்டாளிகளைச் சேர்த்துவிடுகிறது. ஸ்கிப் குரைக்கும்போதெல்லாம் மணி டிவிக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்து படுத்தது. பேஸ்பால் மைதானத்தில் வில்லி ஆத்திரத்தில் ஸ்கிப்பை அடிக்கிறானே, அங்கே இவள் போட்ட கத்தலில் மாடி வீட்டு அக்கா ஓடிவந்து காலிங் பெல் அடித்தார்.

"நடிப்புதாம்மா. இளம் ஸ்கிப்பாக நடித்தது என்ஸோ, வயசான ஸ்கிப் அதோட அப்பா மூஸ்" என்று சமாதானம் சொன்னேன்.

"அப்போ அடி வாங்கினது என்ஸோ" என்று மறுபடி அழுகை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பேச்சை மாற்ற, வில்லி மோரிஸ் 1995-ல் எழுதிய நிஜக் கதையை எடுத்துவிட்டேன்: ஸ்கிப்பின் முன்னங்கால்களை ஸ்டீயரிங்கில் வைத்துவிட்டு, தான் கீழே குனிந்து ஒளிந்தபடி காரை மெதுவாக ஓட்டுவார், பார்க்கிறவர்கள் நாய் கார் ஓட்டுகிறது என்று வாயைப் பிளப்பார்கள்.

மறுநாள் காலை வாசலில் என் ஸ்கூட்டர் மேல் மணி. தலையில் என் ஹெல்மெட், முன்னங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில். பின்சீட்டில் இவள். பால் வாங்கக் கிளம்பிய எதிர்வீட்டுத் தாத்தா நின்றுவிட்டார்.

"லைசென்ஸ் இருக்கா?"

"மூணு வயசுதான் தாத்தா ஆகுது. அதான் ஸ்டாண்ட் போட்டு வெச்சிருக்கோம்."

அதோடு விடவில்லை, யாசூவிலிருந்து ஆரம்பித்து என்ஸோ அடி வாங்கியது வரை முழுக் கதையும் சொன்னாள். அவர் கடைக்குப் போவதற்குள் பால் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் அதைச் சொல்லிச் சிரிக்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இவள் பீரோவுக்குப் பின்னால்.